ஈ ஓட்டுதல்

காலை ஐந்தரைக்குக் கம்பம்மெட்டு ஏறுகிறது என் ஜீப்.
பதினாறு பெண்கள், பதினாறு தூக்குவாளி.
அதில் ஒருத்தி பாண்டீஸ்வரி, என் வீட்டுக்காரி.
செக்போஸ்டில் டார்ச் அடித்து
"எத்ர பேர்?" என்பார்கள்.
பத்து என்பேன்.
டார்ச்சும் பத்தோடு நின்றுகொள்ளும்.

ஏலத்தோட்டத்தில் ஆளை இறக்கிவிட்டு
எட்டரைக்குள் கம்பம் திரும்புவேன்.
ஒன்பது மணிக்கு அடுத்த டியூட்டி:
மகளின் நல்ல கையைக் கட்டிப்போடுவது.

கட்டுவது என்றால் கயிறு இல்லை.
என் பழைய காக்கிச் சட்டையில் தைத்த உறை,
முழங்கை வரை வரும்.
நாடாவை அவளே பல்லால் இழுத்து இறுக்குவாள்.
இனி இரண்டு மணி நேரம் எல்லா வேலையும்
இடது கைக்கு;
பிறந்ததிலிருந்தே
கட்டைவிரலை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட கைக்கு.

"வேலை செய்யிற கையப் போயிக் கட்டுவாகளா?
நீயெல்லாம் ஒரு தகப்பனா?"
எதிர்வீட்டுச் செல்லத்தாய் சண்டைக்கே வந்துவிட்டாள்.
நல்ல கை ரொம்ப நல்ல கை அக்கா,
தம்பி வேலையையும்
சேர்த்துப் பார்த்துவிடுகிறது என்றேன்.
லிஜி சொன்னதுதான்.

கட்டப்பனையிலிருந்து
பதினைந்து நாளைக்கொரு தரம் லிஜி வருவாள்.
பாதித் தமிழில் பாடம்.
"பதுக்கெ, சுபிட்சா, பதுக்கெ."
போகும்போது ஒரு நோட்டு கொடுத்தாள்.
தேதி. எத்தனை நிமிடம். என்ன செய்தாள். அழுதாளா.

பன்னீர் திராட்சையை நசுக்காமல் எடுத்து
கிண்ணத்தில் போட வேண்டும்.
முதல் வாரம் முழுக்கப் பாயெல்லாம் கறை.
அப்புறம் ஏலக்காய்.
அம்மா முந்தியில் வருகிற நாலைந்து.
அதை இரண்டு விரலால் பிடிக்க
அவள் நாக்கு வெளியே வரும்,
தோள் காதைத் தொடும்,
விரல்கள் மட்டும் வராது.

எனக்கு இடது கைதான் கியர்க் கை.
அது இல்லாமல் ஒரு வளைவு ஏற முடியாது.
இருந்தாலும் ஸ்டியரிங்கைப் பிடித்த தெம்பில்
வலதுதான் பெருமை அடிக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை தூங்கிப்போனேன்.
உறையை மாட்டியபடி அவள் டிவி பார்த்திருக்கிறாள்.
எழுந்து நோட்டில் நூற்று இருபது என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்தாள்.
"அப்பா, இது செக்போஸ்ட் கணக்கா?"
அழித்துவிட்டு இருபது என்றேன்.
அதுவும் கூடுதல்தான்.

அடுத்த செவ்வாய் அவள் மூக்கில் ஒரு ஈ.
"ஓட்டுப்பா."
"உனக்குக் கை இருக்குல்ல."
சொன்ன பிறகு எனக்கே சுருக்கென்றது.

மடியிலிருந்து கிளம்பியது கை.
வயிறு வரை சுலபம்.
நெஞ்சுக்கு நேரே
லோடு ஏற்றிய வண்டி கொண்டை ஊசியில் திணறுவதுபோல்
நின்று, நடுங்கி,
கொஞ்சம் பின்னால் வழுக்கி,
மறுபடி பிடித்தது.
என் வலது கால் சிமெண்ட் தரையை
மிதித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.
தாடை.
அங்கே வெகுநேரம்.

ஈ எப்போதோ பறந்துவிட்டது.
கை போய்ச் சேர்ந்த இடமும் மூக்கு இல்லை, கன்னம்.
ஆனால் உள்ளங்கை விரிந்திருந்தது,
கட்டைவிரல் வெளியே.

நோட்டை எடுத்தேன்.
நிமிடம்: நான்கு.
என்ன செய்தாள்: ஈ ஓட்டினாள்.
அழுதாளா என்ற இடத்தில்
யாரென்று கேட்கவில்லை, அதனால் இல்லை என்று எழுதினேன்.

லிஜி வந்து அந்த வரியில் நின்றாள்.
"அன்னு பணி ஒண்ணும் இல்லாயிருன்னோ?"
அவர்கள் ஊரிலும் அதற்கு அதுதான் அர்த்தம் போல.

நான் வாய் திறப்பதற்குள்
சுபிட்சா உறையை மாட்டி, நாடாவைப் பல்லால் இறுக்கி,
கையை மடியில் வைத்துக்கொண்டு
ஈக்காக உட்கார்ந்தாள்.
மே மாதம், திராட்சை நசுங்கிய பாய்,
வாசல் கதவு திறந்திருக்கிறது.
ஒன்றுகூட வரவில்லை.